மருமகள் முன்னால் கேட்காத கேள்வி

ராஜபாளையத்தில் நர்சிங் படிக்கிறேன். குடல் ஆபரேஷன் முடிந்திருந்த சேத்தூர் தாத்தா ஒருவருக்கு, காற்றுப் பிரிந்ததா என்று கேட்ட பிறகே காபி கொடுக்க வேண்டும். முந்தினால் வயிறு உப்பி ஆபத்தாகிவிடும். பக்கத்தில் அவர் மருமகள் நின்றதால் எனக்கு வெட்கம். "நல்லாருக்கீகளா தாத்தா?" என்று மட்டும் கேட்டேன். "நல்லாருக்கேன்" என்றார். காற்றுப் பிரிந்ததாக எழுதிவிட்டேன்.

காபி டம்ளர் அவர் வாயருகே போகும்போது வார்டு சிஸ்டர் வந்து, "காத்து எப்பப் பிரிஞ்சுது?" என்றார்.

"இன்னும் இல்லம்மா" என்றார் தாத்தா.

சிஸ்டர் டம்ளரைப் பிடுங்கினார்.

மறுநாள் காலை வார்டே அதிர, "ஏட்டி, பிரிஞ்சிருச்சு! காப்பியக் கொண்டா!" என்று தாத்தா கத்தினார். முதலில் கைதட்டியது மருமகள்தான்.

இப்போதெல்லாம் திரையை இழுத்துவிட்டு நேராகவே கேட்கிறேன். "ஆமா" என்றால் நானும் கைதட்டுகிறேன்.