மோட்டார் ரூம் சுவரில் எழுதியது

உத்தனப்பள்ளியில் எங்கள் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்று போர்த் தண்ணீர் மஞ்சளாக வர ஆரம்பித்ததும், அதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்றேன். அந்த நிலத்தை மனை போட்டு விற்கக் காத்திருந்த என் கணவரின் அண்ணன் தடுத்தார்.

“தண்ணி கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா எவன்மா வாங்குவான்?”

“வாங்கறவங்க புள்ளைங்களும் இதத்தானே மாமா குடிக்கும்?”

மறுநாளே கேனில் பிடித்துக்கொண்டு கிருஷ்ணகிரியில் இருக்கும் தண்ணீர் பரிசோதனைக் கூடத்துக்கு பஸ் ஏறினேன். குடிக்க உதவாது என்று முடிவு வந்தது. அதை மோட்டார் ரூம் சுவரில் சிவப்புப் பெயின்டால் பெரிதாக எழுதினேன். மாமா சுண்ணாம்பு அடித்து மறைத்தார். நான் திரும்ப எழுதினேன். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்து, “எங்க போர்த் தண்ணிய எங்க குடுக்கணும்?” என்று கேட்டார். மாமா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரோடு கிளம்பினேன்.