அக்காவின் மயிலுக்கு நான் பூசிய நீலம்

அக்காவின் மயிலுக்கு நீலம் பூசியவன் நான். அக்கா ஏமாற்றினார் என்று ஊர் சொன்னபோது வாய் திறக்காமல் நின்றவனும் நான்தான். அவரது ஓராண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் எடுப்பவர்கள் இதை அறிய வேண்டும் என்று மலரைத் தொகுக்கும் மருமக்களிடம் இடம் கேட்டு எழுதுகிறேன்.

பூவரசங்குளத்தில் பிறந்த அக்கா, அம்மா சீக்கிரமே காலமானதால் சின்ன வயதிலேயே எங்கள் குசினியையும் சமையலையும் பொறுப்பெடுத்தார். வேலை முடிந்தால் பலகையில் விளாம்பிசின் தடவி, பயறு, உளுந்து, குரக்கன், எள்ளு என்று ஒட்டி யானையும் தேரும் செய்வார். சாயம் தொடமாட்டார். வவுனியாக் கடைக்கார நானா மூட்டைகளிலிருந்து ஒவ்வொரு பிடி அள்ளிக் கொடுத்து, "தங்கச்சி, இதையும் கறி வெச்சிராதீங்க!" என்பார்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் வவுனியாவில் விவசாயக் கண்காட்சி நடந்தது. அதன் தானியப் படப் போட்டிக்கு அக்கா மயில் செய்தார். நீல விதை இல்லாததால் கழுத்துக்கு வெள்ளை எள்ளு. யாழ்ப்பாணத்தில் விடுதியில் படித்த எனக்கு, கூட்டாளிகள் பார்த்தால் சிரிப்பார்களே என்று வெட்கம். புறப்படும் நாள் விடியற்காலையில் பேனா மையைக் கழுத்தில் தடவித் துணியால் மூடிவிட்டேன்.

மண்டபத்தில் துணியை எடுத்ததும் அக்கா திகைத்தார். நடுவர் விரலை நனைத்துத் தேய்த்தார். விரல் நீலமானது.

"சாயம் பூசினதுக்குப் பரிசில்லைப் பிள்ளை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திரும்பும் வண்டியில் அக்கா கேட்டார்:

"நீ தொட்டனியோ?"

"இல்லை அக்கா."

அன்றிலிருந்து அக்கா ஊருக்கு 'மைக்காரி' ஆனார். படம் செய்வதை அவர் விடவில்லை. கண்காட்சிப் பக்கம் மட்டும் போகவில்லை.

சில ஆண்டுகளின் பின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஒரு விசிறிவாழைக் காயைப் பிளந்தேன். விதைகளைப் போர்த்தியிருந்த தோல் அசல் நீலம். ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். விதையைக் கொடுத்து, செய்ததையும் சொன்னேன். அக்கா ஒரு விதையை எச்சில் தொட்டு, என் வெள்ளைச் சட்டையில் அழுத்தித் தேய்த்தார். நிறம் ஒட்டவில்லை.

"விதை பொய் சொல்லேல்லை. நீதானடா சொன்னனி."

மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கேன் சொல்லுறாய்? சிரிச்ச சனத்துக்குச் சொல்லு."

அடுத்த கண்காட்சியில், அந்த விதைகளால் அக்கா செய்த நீலக் கழுத்து மயிலுக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொன்னேன். ஆளாளுக்கு விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். "படிச்ச பொடியன் எண்டெல்லே நினைச்சம்!" என்றார் ஒரு கிழவர். அக்கா கதிரையில் இருந்து சோடா குடித்தபடி, "சத்தமாச் சொல்லடா, பின்னாலை நிக்கிற ஆக்களுக்குக் கேக்கேல்லை!" என்றார்.

பரிசு அக்காவுக்குக் கிடைத்தது. 'மைக்காரன்' என்ற பெயர் எனக்கு.

கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் தாதியிடம் என்னைக் காட்டி, "மிஸ், இவன்தான் மைக்காரன். கதையைச் சொல்லச் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். அவரை அன்போடு பராமரித்த தாதிமாருக்கும், முறை வைத்து விழித்திருந்த மருமக்களுக்கும், ஒவ்வொரு பின்னேரமும் அதே கதையைக் கேட்டு அக்காவோடு சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்த பக்கத்துக் கட்டில் அம்மாமாருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.