அரசாங்கத்தைத் திட்டாத பஸ்

கல்தபாவுவின் பஸ்ஸில் ஏறினால் சந்தைக்கும் போகலாம், அரசாங்கம் வாங்கிக் கட்டிக்கொள்வதையும் கேட்கலாம். எபாலே கிராமத்திலிருந்து தலைநகர் விலாவின் சந்தைவரை, வழியெல்லாம் அதே கச்சேரிதான். வானொலியில் அரசு அறிவிப்பு என்று குரல் வந்த மாத்திரத்தில் அவர் கை தானாகப் போய் அதை அணைத்துவிடும்.

"அவனுங்க கிழக்கால போன்னா நீ மேற்கால போ. நல்லாயிருப்ப," என்பார். சேப்பங்கிழங்கு மூட்டைகளின் மேல் கால் வைத்து உட்கார்ந்திருப்பவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள்.

அந்த ஆத்திரம் சும்மா வந்ததில்லை. எபாலேக்குப் படகுத்துறை கட்டுகிறோம் என்று ஒரு தேர்தலின்போது மந்திரி ஒருவர் வந்து அடிக்கல் நாட்டினார். கல்லில் ஈரம் காய்வதற்குள் அந்த ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த தேர்தலுக்கு வேறொருவர் வந்து அதே கல்லுக்கு மாலை போட்டுவிட்டுப் போனார். பெண்கள் அதில் கத்தி தீட்ட ஆரம்பித்தார்கள். புயலுக்குப் பிறகு வந்த கூரைத் தகடுகளோ அதிகாரிகளின் மச்சான்கள் வீட்டில்தான் முதலில் ஏறின. பிறகு எவன் நம்புவான்?

பஸ்ஸின் முன் இருக்கை லெய்தங்கியுடையது. கல்தபாவுவின் மனைவி லெய்மவாவுக்குச் சித்தி மகள் அவள். வாழையிலையில் பொதிந்து சுட்ட லாப்லாப் என்கிற கிழங்குப் பலகாரக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தினமும் சந்தைக்கு வருவாள். அவருடைய வாய்க்கு ஈடுகொடுக்க அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

"ஏன் அத்தான், உங்கள மந்திரியாக்கினா மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

"உன் வாய்க்கு வரி போடுவேன்."

"போடுங்க. அதக் கட்ட உங்க பொண்டாட்டிகிட்டயே கடன் வாங்கிக்கிறேன்."

அந்தக் காலைகளை நினைத்து எபாலேக்காரர்கள் இன்னமும் பெருமூச்சு விடுகிறார்கள். இப்போது ஏசி வைத்த வண்டி ஓடுகிறது. எல்லோரும் போனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்து, வாயைத் திறக்காமல் இறங்கிப் போகிறார்கள். இதுவும் ஒரு பயணமா?

ஒரு வருஷம், வெளிநாட்டுக்காரர் ஒருவர் சந்தைக்கு எதிரே அறை எடுத்துச் சேமிப்புக் கழகம் தொடங்கினார். போடுகிற பணம் சீக்கிரமே இரட்டிப்பாகுமாம். நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கிற அரசு ஆணையம் வானொலியில் எச்சரித்தது. அந்தக் கழகத்துக்கு உரிமம் இல்லை, யாரும் பணம் போட வேண்டாம் என்றது. அன்றைக்குக் கல்தபாவு வானொலியை அணைக்கவில்லை. சத்தத்தைக் கூட்டினார்.

"கேட்டுக்கிட்டீங்களா? இவனுங்க வேணாங்கிறானுங்கன்னா, இவனுங்களுக்குப் பங்கு கெடைக்கலன்னு அர்த்தம். அப்ப அந்த ஆளு யோக்கியன்."

பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. லெய்தங்கி மட்டும் சிரிக்கவில்லை. அவள் புருஷனுக்குத் தோள் வலி. துடுப்புப் போட்டு மீன்பிடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். படகுக்கு ஓர் இயந்திரம் வாங்கத்தான் அவள் லாப்லாப் விற்றுச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாத்தான் சொல்றீங்களா அத்தான்? போடலாமா?"

"நானே பஸ்ஸ வித்துப் போடப்போறேன். அப்புறம் என்ன யோசன?"

அவள் அன்றைக்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள்.

பஸ்ஸை விற்கப்போகிற சேதி கேட்டு லெய்மவா கணவரோடு மல்லுக்கு நின்றாள். "அரசாங்கம் பொய் சொல்லும், ஒத்துக்கிறேன். அதுக்காக அந்த ஆளு நெசம் பேசுறான்னு ஆயிடுமா?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, போ."

அவள் போனாள். நேராக ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போனாள். மறுநாள் பஸ்ஸை வாங்க ஆள் வந்தபோது ஓட்டுநர் கதவுக்குக் குறுக்கே நமேலே மர ஓலை கட்டியிருந்தது. ஊர் வழக்கப்படி அதைத் தலைவர் கட்டினால் தலைவர்தான் அவிழ்க்க வேண்டும்; அதுவரை அந்தப் பொருள்மேல் ஒருவரும் கை வைக்கக் கூடாது. வாங்க வந்தவர் ஓலையைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிட்டார்.

பாராளுமன்றத்தையே தினமும் கிழித்துத் தொங்கவிடுகிற மனிதருக்கு, அந்த ஒற்றை ஓலையைத் தொடத் துணிவு வரவில்லை. அதில் முத்திரையா குத்தியிருந்தது? கட்டியவர் யாரென்று தெரியும், அவர் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போடலாம் என்றும் தெரியும். அவ்வளவுதான். போய்ப் போடவும் செய்தார்.

"தலைவரே, அது எம் பஸ்ஸு."

"ஒன் பஸ்ஸுதான். இங்கயேதான இருக்கு? ஒன் சூடு ஆறட்டும், அவிழ்க்கிறேன்."

அவர் சூடு ஆறுவதற்கு முன்பே கழகத்தின் அறை பூட்டிக் கிடந்தது. வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறிவிட்டார். தலைவர் ஓலையை அவிழ்த்தார். கல்தபாவுவுக்குப் பஸ் மிஞ்சியது, லெய்தங்கிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

மறுபடி பஸ் ஓடிய முதல் நாள், அவள் கூடையோடு ஏறிப் பின் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். இறங்கும்போது காசை நீட்டினாள்.

"வேணாம் லெய்தங்கி."

"ஏறினா குடுக்கணும்ல, அத்தான்."

அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் பேச்சே செத்துப்போனது. அறிவிப்பு வந்தால் அவர் அணைப்பதில்லை, திட்டுவதுமில்லை. அரசாங்கத்தை நம்ப ஆரம்பித்தாரா என்றால் அதெல்லாம் இல்லை. தன் வாயைத்தான் நம்பாமல் போனார். கடலை ஒட்டிய வளைவில், தூரத்தில் லெய்தங்கியின் புருஷன் துடுப்புப் போடுவது தெரியும். அங்கே மட்டும் பார்வையைத் திருப்பாமல் ஓட்டிப் பழகிக்கொண்டார். முன் இருக்கையில் யாரும் உட்காரவில்லை.

இப்படியே ரொம்ப நாள் போயிற்று. ஒரு காலை வானொலி சொன்னது: எபாலே படகுத்துறைப் பணி விரைவில் தொடங்கும், மந்திரி நேரில் வருகிறார்.

பஸ் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகையே பார்த்தது. அவர் கியரை மாற்றினார். அடுத்த நிறுத்தத்தில் லெய்தங்கி எழுந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன அத்தான், சும்மா வரீங்க? அந்தக் கல்லப் பத்தி ஏதாவது சொல்லுங்க. இப்படி ஊமையா வர்ற பஸ்ஸுல எத்தன நாள்தான் நானும் வர்றது?"

கடல் வளைவு வந்தது. இந்த முறை திரும்பிப் பார்த்தார். படகு இருந்தது, அவள் புருஷன் இன்னும் துடுப்புத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கல்லு தேஞ்சுபோச்சு, லெய்தங்கி," என்றார் ஒருவழியாக. "மந்திரிய வர்றப்ப வேற கல்லு கொண்டாரச் சொல்லு. கத்தியெல்லாம் மழுங்கிக் கெடக்கு."

பஸ்ஸே சிரிப்பில் அதிர்ந்தது. அவள் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தபடி சந்தைவரை ஓட்டினார்.