மூலம் என்றே சொல்லி வைத்திருந்தார்கள்

கொரோனாக் கெடுபிடிகள் தளர்ந்து, பஸ்கள் பழையபடி நிரம்பி வழியத் தொடங்கியிருந்த காலம். கண்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், நோயாளர் பதிவு அறையில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு விளங்கவைப்பது கொஞ்சம் கஷ்டம். வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவருடைய டிக்கெட்டும், அதாவது கட்டிலோடு இருந்த சிகிச்சைக் குறிப்புத் தாள்களும், எங்கள் அறைக்கு வரும். டொக்டர் முடிவாக என்ன நோய் என்று எழுதியிருக்கிறார் என்று தேடிப்பிடித்து, உலகம் முழுக்கப் பாவிக்கிற ஒரு தடித்த புத்தகத்தின்படி அந்த நோய்க்குரிய எண்ணைப் போட வேண்டும். இந்த நாட்டில் எந்த நோய் எத்தனை பேருக்கு என்று கொழும்பில் கணக்குப் பார்ப்பது அந்த எண்களை வைத்துத்தான். மூல வியாதிக்கு ஓர் எண். மலக்குடல் புற்றுநோய்க்கு வேறு எண், சி-20. நோய் வருகிற இடம் கிட்டத்தட்ட ஒன்று, இரத்தம் போவதும் ஒன்று, எண்ணில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

நான் பட்டம் வாங்கி வந்தவள் இல்லை. புசல்லாவையிலிருந்து வந்துபோகிற பஸ்ஸில், தாதி ஒருவரிடம் இரவல் வாங்கிய புத்தகத்தைப் படித்துத்தான் உடம்பின் உறுப்புகளுக்குப் பேர் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் பொறுப்பதிகாரி சொன்னது ஒன்றுதான்: எழுதியிருப்பதற்குத்தான் எண், ஊகத்துக்கு எண் கிடையாது.

ஒருநாள் பகல் சாப்பாட்டுக்கு எழும்பும் நேரம், தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒருவர் வந்து வாசலில் நின்றார். ஐம்பது தாண்டிய வயது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மனைவிக்கு உள்ளே கெமரா விட்டுப் பார்த்து, சதைத் துண்டு எடுத்துச் சோதித்து, முடிவோடு கொடுத்திருந்த நோய் அட்டையைக் கையில் மடித்து வைத்திருந்தார். முதலில் என்னை மிஸ் என்றார். நானும் புசல்லாவைத் தோட்டத்துக்காரி என்று தெரிந்ததும் தங்கச்சி ஆகிவிட்டேன்.

"தங்கச்சி, இதுல மூலம்னு மாத்திக் குடுத்துருங்க. மக இங்கிலீஷ் வாசிப்பா. வாசிச்சான்னா அம்மாகிட்ட அழுதுருவா."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். சத்திர சிகிச்சை டொக்டரின் கையெழுத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. இதை மாற்ற எனக்கு உரிமை இல்லை, மாற்றினால் உங்கள் மனைவிக்குத்தான் ஆபத்து என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் முன்பொருவர் இந்த நோயின் பேரைக் கேட்ட நாளிலிருந்து சோற்றை ஒதுக்கிவிட்டாராம், அதன்பிறகு சில வாரம்கூட உயிரோடு இருக்கவில்லையாம். நோய் பாதி கொல்லும், பயம் மீதியைக் கொல்லும் என்றார். தன் மனைவியிடம் மூலம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாராம். நம்பவைக்க நாட்டுவைத்தியரிடம் மூலத்துக்கு எண்ணெய்கூட வாங்கிக் கொடுத்திருக்கிறாராம்.

நெருப்பென்றால் வாய் வெந்துவிடுமா என்று ஊரில் கேட்பார்கள். எங்கள் லயங்களில் வெந்துவிடும். அங்கே இது 'அந்த நோய்'தான், பேர் கிடையாது. நானும் அப்படி வளர்ந்தவள் என்பதால் அந்த மனிதரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. ஒப்பரேஷனுக்கு முன்னால் எப்படியாவது சொல்லிவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் வார்டிலிருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிட்டார். எங்கள் ஆஸ்பத்திரியில் இது வழக்கம். தமிழ் தெரிந்த டொக்டரோ தாதியோ அன்றைக்கு இல்லையென்றால், தமிழ் தெரிந்த யார் அகப்படுகிறார்களோ அவர்தான் மொழிபெயர்ப்பாளர். தண்ணீர்க் குழாய் திருத்த வந்தவர்கூட ஒருமுறை மொழிபெயர்த்திருக்கிறார்.

போனால், கட்டிலில் ஓர் அக்கா. தலையை வாரி முடிந்து, பையைக் கட்டி மடியில் வைத்து, காலில் செருப்பும் போட்டு, வீட்டுக்குப் போகத் தயாராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்றவரைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதே தொழிற்சாலைக்காரர்.

இளம் டொக்டர், ஒரு சிங்களப் பெண், களைத்துப் போயிருந்தார். கட்டி மலவாசலுக்கு மிகக் கிட்ட இருக்கிறது, அந்தப் பகுதியை முழுக்க எடுத்துவிட்டு வயிற்றில் வழி செய்து பை வைக்க வேண்டும், இப்போது செய்தால் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப்போட்டால் பிறகு வெட்டியும் பிரயோசனமிராது. இதையெல்லாம் கணவர் வழியாகத் திரும்பத் திரும்பச் சொல்லியாகிவிட்டது, ஆனாலும் இந்த அம்மா கையெழுத்துப் போட மறுக்கிறார், ஏன் என்று கேளுங்கள் என்றார். அந்த அக்காவுக்குச் சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமான அளவுதான். கணவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே டொக்டர் சொன்னது எதுவும் அவர் வாயைத் தாண்டித்தான் அக்காவிடம் போக வேண்டியிருந்தது.

நான் கேட்டேன். அக்கா சிரித்தார்.

"நீங்களே பாருங்க மிஸ். மூலத்துக்கு வயித்துல ஓட்ட போட்டுப் பை கட்டுறாங்களாம். காலுல முள்ளு குத்துனா கழுத்த வெட்டுவாங்க போல."

அடுத்த கட்டில் அம்மாவும் சேர்ந்து சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் எழுதிக் காட்ட முடியாது.

என்ன சொல்கிறார் என்று டொக்டர் என்னைக் கேட்டார். அறைக்குள் இருந்தால் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த டிக்கெட்டை எடுப்பேன். இங்கே அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் செருப்புப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அக்கா சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். டொக்டரின் முகம் மாறியது. இந்த அம்மா சிரித்தபோதே தனக்கு விளங்கியிருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார். பிறகு, உண்மையைச் சொல்லுங்கள் என்றார் என்னிடம்.

சொல்லியிருக்கலாம். ஆனால் வழியில் போகிற ஒருத்தி சொல்லி அந்த அக்கா அதைக் கேட்கக்கூடாது என்று பட்டது. டொக்டரிடம் ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு அக்காவின் கணவர் பக்கம் திரும்பினேன். "அண்ணே, டொக்டர் சொன்னத நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கட்டிலில் உட்காரக்கூடாது என்று எப்போதும் சத்தம் போடும் பணியாளர்கூட அன்றைக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்.

"மூலம் இல்ல புள்ள. கேன்சர்."

அக்காவின் கை, மடியிலிருந்த பையின் கைபிடியில் அப்படியே நின்றது. வார்டில் எத்தனையோ பேர் கதறுவதைக் கேட்டிருக்கிறேன், அப்படி ஏதாவது வரும் என்று பயந்துகொண்டு நின்றேன். வரவில்லை. எப்போது தெரியும் என்று கணவரைக் கேட்டார். சோதனை முடிவு வந்த அன்றைக்கே என்றார் அவர்.

"அதுலேருந்து தனியாவா வச்சிக்கிட்டு இருந்தீங்க? அதான் ஒங்களுக்குச் சோறு எறங்கலயா?"

அந்த மனிதர் தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். தேற்ற வேண்டியவர் அழுதார், அழ வேண்டியவர் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். டொக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிறகு அக்கா என்னை வைத்து டொக்டரிடம் கேள்வி கேட்டார். பை வைத்துக்கொண்டு தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்ட முடியுமா? பாரம் கூடாது, வேறு வேலை செய்யலாம். கோயிலில் பக்கத்தில் நிற்பவர்களுக்கு மணக்குமா? ஒழுங்காக மாற்றினால் மணக்காது. டொக்டர் ஒரு தாளில் படம் கீறியே காட்டினார். கடைசியில், வெட்டினால் பிழைத்துவிடுவேனா என்று அக்கா கேட்டார். நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு நன்றாக இருக்கிறது என்றார் டொக்டர். அந்த முதல் பாதியை விழுங்கிவிட்டுப் பின்பாதியை மட்டும் சொல்ல என் நாக்கு எவ்வளவு துடித்தது என்று எனக்குத்தான் தெரியும். அப்போதுதான் அந்தக் கணவர் இத்தனை நாள் எந்த இடத்தில் நின்றார் என்பது எனக்கு உறைத்தது. இரண்டு பாதியையும் சொன்னேன்.

அக்கா செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். "அப்ப வெட்டச் சொல்லுங்க," என்றார்.

ஒப்பரேஷன் நடந்தது. சில வாரங்களில் அவருடைய டிக்கெட் எங்கள் அறைக்கு வந்தது. நான்தான் எண் போட்டேன்.

இப்போது அவர் கொழுந்து எடுப்பதில்லை. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். கிளினிக்குக்கு வருகிற நாட்களில் என் அறை வாசலில் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார், கூடவே மகளும் வருவாள். ஒவ்வொரு முறையும் சோதனை முடிவு வரும்வரை அந்த வீட்டில் மூன்று பேரும் பயந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் மூன்று பேரும் சேர்ந்து பயப்படுகிறார்கள்.

வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் வந்தால், இதைத் தாங்குவாரா என்று கூடிக்கூடிப் பேசுகிறோம், அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்கிறோம். அன்றைக்கு அந்தக் கட்டிலருகில் நின்றதிலிருந்து, நான் யாருக்காக மொழிபெயர்க்கப் போனாலும், அந்தக் கேள்வியை முதலில் கட்டிலில் இருப்பவரிடமே கேட்டுப் பார்க்கும் துணிவைக் கொடு என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டுதான் போகிறேன்.