பாதிப் படமாக வந்த கல்யாணம்

இருட்டறை மருந்துத் தண்ணீரில் முதல் படம் தெளிந்து வந்தபோது மணப்பெண் ராசம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடம் கரி பூசியதுபோல் இருண்டு கிடந்தது. என் தங்கை பாவாயி இன்னொன்றைக் கழுவினாள். அதிலும் வலது பாதி கறுப்பு. தாலி கட்டியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் இடம் மாறி உட்காருவார்கள். அதற்குப் பிறகு எடுத்த படங்களில் மாப்பிள்ளை இருந்தான், பெண்ணைக் காணோம். முப்பத்தாறு படங்களில் ஒன்றில்கூட இருவரும் சேர்ந்து இல்லை. பிலிமைப் பார்த்தபோதே பாவாயிக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் சொல்லவில்லை.

எங்கள் ஊர் செம்மநத்தத்தில் காமிரா பிடித்த முதல் பெண் என் தங்கைதான். எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவள், ஏற்காட்டில் மரியதாஸ் அண்ணனின் ஸ்டுடியோவுக்குப் படம் கழுவப் போனாள். மூன்றே வருஷத்தில் அவர் இல்லாத நாட்களில் கடையை அவளே பார்த்தாள். நான் எட்டாவதோடு நின்றவன், எஸ்டேட்டில் பழம் எடை போடுகிறவன். ஸ்டுடியோ வழியாகப் போகும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

1984இல் மரியதாஸ் அண்ணன் புதுக் காமிரா வாங்கியபோது பழையதை இவளுக்குக் கொடுத்தார். எஸ்.எல்.ஆர். காமிராக்களில் அதுதான் ஆக எளியது என்றார். அதன் நல்லது கெட்டதை அவள் எனக்குப் பொறுமையாகச் சொல்வாள். மற்ற சின்னக் காமிராக்களில் நாம் பார்ப்பது ஒன்று, விழுவது ஒன்று. இதில் லென்ஸ் காண்பதையே நம் கண்ணும் காணும். வெளிச்சம் போதுமா என்று உள்ளே ஒரு முள் காட்டும். மூடுபனியில் அவள் எடுத்த ஏரிப் படத்தில் படகின் கயிறுகூடத் தனியாகத் தெரிந்தது. ஆனால் காமிரா கனம். அமுக்குகிற நொடியில் கண் முன்னால் இருட்டிவிடும், அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று எடுத்தவளுக்கே தெரியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஃபிளாஷ் போடும்போதுதான். மேலே இருக்கும் வேகச் சக்கரம் அறுபதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஃபிளாஷ் மின்னும் நொடியில் உள்ளே உள்ள திரை பாதியை மறைத்துக்கொண்டு நிற்கும். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

வாழவந்தி ஊர் முனியப்பன் மகள் ராசம்மாளின் கல்யாணம்தான் அவளுக்குப் படமெடுக்க வந்த முதல் கல்யாணம். பொம்பளைப் பிள்ளையா என்று அவர் முதலில் இழுத்தார். இது கெட்டால் மலையில் எந்த வீட்டிலும் அடுத்துக் கூப்பிட மாட்டார்கள். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். முந்தின நாளே சக்கரத்தை அறுபதில் வைத்துவிட்டாள்.

ஐப்பசி அடைமழை. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் எந்தப் பொருளையும் அடுப்புச் சூட்டில் காட்டித் துடைத்துத்தான் வைப்போம், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கல்யாணத்தன்று காலையில் காமிராவையும் நான் அப்படியே துடைத்தேன். சக்கரத்தின் பள்ளங்களில் துணியை விட்டுத் தேய்த்தபோது ஒரு சொடுக்கு கேட்டது. இறுகிக் கிடந்தது இளகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மழை இருட்டில் எல்லாப் படத்துக்கும் ஃபிளாஷ் போட்டுத்தான் எடுத்தாள்.

சிவப்பு விளக்கடியில் அந்தச் சொடுக்கு எனக்கு நினைவு வந்தது.

"கண்ணு, அந்தச் சக்கரத்தத் திருப்புனது நாந்தான்."

"பாக்காம எடுத்தவ நானுங்கண்ணா" என்றாள்.

பிலிமிலிருந்து இரண்டு நெகட்டிவ்களை வெட்டி எடுத்தாள். பெண் இருக்கும் பாதியைத் தாளில் விழவைத்து, மறு பாதியை அட்டையால் மறைத்தாள். பிறகு அதே தாளின் மறு பாதியில் விழும்படி மாப்பிள்ளை இருக்கும் நெகட்டிவைக் குப்புறத் திருப்பி வைத்தாள். இடப்பக்கம் இருந்தவன் வலப்பக்கம் வந்தான். நாலு தாள் வீணாயின. ஐந்தாவதில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒட்டிய கோடு பூமாலைகளின் நிழலில் மறைந்துபோயிற்று.

மறுநாள் முனியப்பன் வீட்டில் அவள் எதையும் மறைக்கவில்லை. பாதிப் படங்களையும் எடுத்து வைத்தாள். அந்த வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கெட்ட சகுனம் என்று ஒரு கிழவர் எழுந்தே போய்விட்டார். முனியப்பன் மட்டும் சேர்த்த படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதை மட்டும் குடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா, சாமி?"

"இன்னைக்குத் தெரியாதுங்க. மாப்பிள்ளை துண்டு தோள் மாறிக் கெடக்குதுங்க. என்னைக்காச்சும் கேப்பீங்க."

அவர் படத்தைக் கிட்டே பிடித்துத் துண்டைத் தேடினார். நான் எழுந்து, தப்பு என்னுடையது, துடைக்கும்போது சக்கரத்தைத் திருப்பிவிட்டவன் நான்தான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பாவாயி பக்கம் திரும்பினார்.

"சின்னவளுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருக்கறேன். நீயே வந்துரு, சாமி. உங்கண்ணன ஊட்லயே கட்டிப் போட்டுட்டு வா."

தை மாதம் காமிராவை அவளே துடைத்தாள். புறப்படும்போது அதை என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்துச் சொன்னேன்: அறுபது.