குலுக்கைக்குப் பின்னால் ஒளித்த பிள்ளை

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்களில் நான் அருப்புக்கோட்டையில் நர்ஸாக இருந்தேன். பெரியம்மை வராமலிருக்கச் சிறு பிள்ளைகளுக்கு அம்மை குத்துவதும், பிள்ளை வளர்ப்பைத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடும் பஸ் திருச்சுழி வரை போகும். அதற்கப்பால் கரிசல் காட்டில் நடைதான். என் தலை தெரிந்ததும் ஊரில் கதவுகளைச் சாத்துவார்கள். அம்மை குத்தினால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று பயம்.

ஒரு ஊரில் ஒரு வீடு மட்டும் திறந்திருந்தது. பருத்தி வெள்ளாமை செய்யும் சம்சாரி வீடு. மூன்று வயதில் இரட்டைப் பிள்ளைகள், ஆண் ஒன்று, பெண் ஒன்று. பெண் பிள்ளை மட்டும் அம்மாவின் மடியில் இருந்தாள். கையைப் பிடித்துக் குத்தினேன். வீறிட்டு அழுதவள் வீட்டுக்குள் கையைக் காட்டினாள்.

"அண்ணனுக்கு?"

தானியக் குலுக்கைக்குப் பின்னால் ஒரு சின்னத் தலை தெரிந்தது.

தகப்பன் எழுந்து வழியை மறித்தார். கோபமில்லை, கெஞ்சல்தான். "அவன விட்ருங்க நர்சம்மா. மொதல்ல இவளுக்கு எப்படி இருக்குன்னு பாத்துக்கிறோம்."

"கை வீங்கும், ரெண்டு நாள் காய்ச்சலடிக்கும், அம்புட்டுத்தான். ரெண்டு பேருக்கும் சேத்துக் குத்திருவோம்யா."

"ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? எனக்கு இருக்கிறது ஒரே பய."

நான் அவர் மனைவியைப் பார்த்தேன். "அவுக சொன்னாச் சரித்தான்" என்று அவள் முணுமுணுத்தாள்.

பெண்ணுக்குக் கை பழுத்தது, காய்ச்சல் வந்தது, ஆறிவிட்டது. அந்தக் காய்ச்சலைப் பார்த்தே மிரண்டுபோன தகப்பன் அடுத்த முறையும் பையனைக் காட்டவில்லை.

கோடையில் அந்தப் பக்கம் பெரியம்மை இறங்கியது. நான் போனபோது அந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. பையன் உடம்பில் உள்ளங்கால்வரை கொப்புளம், இமைகள் ஒட்டிக் கிடந்தன. இனிக் குத்திப் பயனில்லை. கொதித்து ஆறிய தண்ணீரைத் துணியில் நனைத்து உதட்டில் பிழியச் சொன்னேன். தாய் அப்படியே செய்தாள். உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லாத பெண் பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் அவனுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானம் பையன் போய்விட்டான்.

அடுத்து நான் போனபோது தகப்பனே எனக்கு முன்னால் வீடு வீடாக நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார்: "எம் பயல நாந்தான் ஒளிச்சு வச்சேன். நீங்க ஒளிக்காதீக." கதவுகள் திறந்தன. கொண்டுபோன மருந்து தீரும்வரை குத்தினேன்.

கடைசியாக அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் அந்தப் பெண் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது.

"என்ன தாயி, பிள்ளைக்குச் சோறு போடுறதில்லையா?" என்று உள்ளே இருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அவன் மொகந்தான் இவளுக்கும், நர்சம்மா. பாக்க ஏலல."

பாலூட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியும். இதற்கு என்ன சொல்வதென்று எந்த ஆஸ்பத்திரியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அடுப்படியில் கிடந்த கம்பஞ்சோற்றில் மோர் விட்டுப் பிசைந்து, ஒரு கவளத்தை அந்தத் தாயின் கையில் வைத்தேன்.

"பாக்க வேண்டாம். ஊட்ட மட்டும் செய்யி."

அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள். பிள்ளை தவழ்வதுபோல் நகர்ந்து வந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தின்றாள்.