பால் காய்ச்சாத ஆறாம் மாடி

துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்தத் தொடர்மாடியில் ஆறாம் மாடி வீட்டை மகன் கனடாவில் இருந்தபடியே வாடகைக்குப் பிடித்தான். ஒல்லாந்தர் காலத்துச் சரக்குக் கிட்டங்கி இருந்த இடம் என்று விளம்பரத்தில் பெருமையடித்திருந்தார்கள். மிஞ்சிய ஒரு சுவரைக் கழுவி, விளக்குப் போட்டு, வாசலில் விட்டிருந்தார்கள். அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு நான் கடந்துபோன சுவர் அது.

வீடு எங்களுக்காக இல்லை. இரண்டு தெரு தள்ளி எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. கக்கூசு வெளியே, கிணற்றடிக்குப் பக்கத்தில். அங்கே பிள்ளைகளை வைத்திருக்க முடியாது என்று மருமகள் சொல்லிவிட்டாளாம். பேரப்பிள்ளைகள் இருவரையும் நாங்கள் போனில்தான் பார்த்திருக்கிறோம். நல்ல வீடு இருந்தால் பள்ளி விடுமுறைக்கு வந்து ஒரு மாதம் நிற்போம் என்றான் மகன். ஒரு வருட அக்ரிமென்ட். நாங்கள் முன்னதாகவே போய் இருக்க வேண்டும்.

போனோம். மனைவி புது மண்பானை ஒன்று வாங்கிக் குசினி அலுமாரியில் வைத்தாள். வீடு மகனின் பெயரில் எடுத்தது, அவன் வந்துதான் முதல் பால் காய்ச்ச வேண்டும், அதுவரை அந்த அடுப்பில் எதுவும் வைக்கக்கூடாது என்றாள். இப்படி ஒரு வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டேன். அலுமாரிக் கதவைச் சாத்தினாள். அத்தோடு கதை முடிந்தது என்று அர்த்தம்.

ஆகவே தினமும் விடிய எழும்பிப் பழைய வீட்டுக்கு நடந்தோம். அவள் சமைப்பாள், நான் தேங்காய் துருவுவேன். தேத்தண்ணி பிளாஸ்கில், சோறு டிபன் கரியரில். எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுகளைப்போலப் படுத்திருக்கும் மான்களைச் சுற்றிக்கொண்டு திரும்புவோம். எங்களோடு லிஃப்டில் ஏறுகிறவர்கள் மீன்குழம்பு வாசத்துக்கு முகட்டைப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நாளும் சமைக்காத அந்தக் குசினியை அவள் தினமும் துடைப்பதைப் பார்த்தால் வாய் திறக்க மனம் வராது.

மகன் பின்னேரங்களில் வீடியோ கோல் எடுப்பான். போனைக் கடல் பக்கம் திருப்பச் சொல்வான். எங்கள் முகங்களைவிடத் துறைமுகத்தைத்தான் அதிக நேரம் பார்த்தான்.

முதல் விடுமுறைக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு. அதைக் கடலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டேன்.

வருடம் முடிகிற மாதத்தில் சொன்னான்: “இந்த முறையும் வர ஏலாமல் கிடக்கு அப்பா. அக்ரிமென்டை இன்னும் ஒரு வருசத்துக்கு நீட்டிப்போட்டன். உங்களுக்கு அங்க வசதிதானே.”

ஓம் என்றேன். அவன் வரப்போவதில்லை என்பது அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

பக்கத்தில் இருந்த மனைவி எழும்பிப்போய்ப் பானையை எடுத்தாள். “இனி ஆரைப் பாத்துக்கொண்டிருக்கிறது? நானே காய்ச்சுறன். பால் வாங்கிக்கொண்டு வாங்கோ,” என்றாள்.

வாங்கி வந்தேன். அடுப்பு என்று இருந்தது வெறும் கறுப்புக் கண்ணாடி. எங்கே தொடுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. கீழே காவலுக்கு இருக்கும் மூதூர்க்காரரைக் கூட்டி வந்தேன். அவர் தொட்டார், அது கீச்சிட்டு அணைந்தது. திரும்பவும் தொட்டார், திரும்பவும் அணைந்தது. பானையைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

“இந்தக் காந்த அடுப்பில மண்பானை சூடேறாது அம்மா. இரும்புச் சட்டிதான் வைக்கோணும்.”

“அவன் வந்திருந்தாலும் காய்ச்சியிருக்க ஏலாதோ?” என்று கேட்டாள் மனைவி.

யாரைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. “ஆர் வந்தாலும் ஏலாது அம்மா,” என்றார்.

மனைவி பாலை டிபன் கரியரில் ஊற்றி மூடினாள். பழைய வீட்டுக்குப் போய்க் காய்ச்சி, ஆளுக்கொரு தேத்தண்ணி குடித்தோம். அங்கேயே இருந்துவிடுவோமா என்று கேட்டேன். அவள் மணியைப் பார்த்தாள். பின்னேரம் அவன் கோல் எடுப்பான், கடலைக் காட்ட வேண்டும் என்றாள். திரும்பி வந்தோம்.